பதினோராயிரம் சுவர்ப் படங்கள்

கேமரா வைத்திருப்பவர் படம் எடுப்பார் என்று நம்புகிற வெள்ளை மனசா உங்களுக்கு? அப்படியானால் கொஞ்சம் உட்காருங்கள். இந்தப் பூமியில் கேமரா சோசியர் என்று ஓர் இனம் நடமாடுகிறது. படம் எடுப்பது அவர்கள் வேலையில்லை. எந்தக் கேமராவுக்கு ஆயுசு கெட்டி, எது இன்னும் ஆறே மாதத்தில் கண்ணை மூடும், எந்த லென்ஸுக்கு நேரம் சரியில்லை என்று கணித்துச் சொல்வதற்கென்றே பிறந்தவர்கள். ஊருக்கு ஒருவராவது இருப்பார். உங்கள் தெருவில் இரண்டு பேர் இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். பிரேம் கடை என்றால்தான் எல்லோருக்கும் புரிகிறது. கண்ணாடி அறுப்பேன், மரச்சட்டத்தை மூலை சேர வெட்டுவேன், முகம் பார்க்கும் கண்ணாடியும் விற்பேன். யாரையும் கேலி பேசிவிடக் கூடாது என்று தினமும் கடையைத் திறக்கும்போது வேண்டிக்கொள்கிறேன். மத்தியானம் வரை அந்த வேண்டுதல் தாங்குகிறது. அதற்குள் சோசியர் வந்துவிடுகிறார். கடவுள் என்னை மன்னிப்பார். அவரும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்?

நம் சோசியர் தண்ணீர் அலுவலகத்தில் குமாஸ்தா. சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரம். சாப்பிடப் பத்து நிமிஷம் போக, மிச்சம் ஐம்பது நிமிஷமும் எங்கள் தெருவுக்குத் தானம். முதல் நிறுத்தம் எதிர்க்கடை ஸ்டூடியோ. அந்த ஸ்டூடியோக்காரர் பன்னிரண்டு வருடமாக ஒரே கேமராவை வைத்துப் பிழைக்கிறவர். பிடி தேய்ந்து, மேலே இருந்த எழுத்தெல்லாம் அழிந்து, கழுத்துப்பட்டையை இரண்டு தரம் தைத்துப் போட்ட கேமரா. சோசியர் வாசலில் நின்றபடியே துக்கம் விசாரிப்பார்.

“அண்ணே, மனசத் தேத்திக்குங்க. டி.எஸ்.எல்.ஆர். செத்துப்போச்சு.”

“எப்போப்பா? இப்பத்தான் ஒரு கல்யாணத்துல எழுநூறு படம் எடுத்துட்டு வந்து வச்சேன். அப்போ நல்லாத்தான் இருந்துச்சு.”

“கம்பெனிக்காரங்க புது மாடல் போடறத நிறுத்திட்டாங்கண்ணே.”

“எங்கம்மாகூடத்தான் எனக்கப்புறம் புது மாடல் போடறத நிறுத்திட்டாங்க. அதுக்காக நான் செத்தா போயிட்டேன்?”

இந்தப் பதிலைச் சோசியர் காதில் வாங்குவதில்லை. சோசியருக்குக் காது எதற்கு? நேரே தெருவைக் கடந்து என் கடைக்கு வருவார். நான் அறுத்துப் போட்ட துண்டுக் கண்ணாடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பாடம் தொடங்குவார். பழைய கேமராவுக்குள் இதுபோல ஒரு பொடிக் கண்ணாடி சாய்ந்து உட்கார்ந்திருக்குமாம். எதிரே நிற்பவர் உருவத்தை அது நம் கண்ணுக்குத் தூக்கிக் காட்டுமாம். பொத்தானை அமுக்கியதும் துள்ளி எழுந்து வழிவிடுமாம். அந்தத் துள்ளலில் பிறப்பதுதான் ‘டக்’ என்கிற சத்தமாம். மிரர்லெஸ் என்கிற புது ரகக் கேமராவில் அந்தக் கண்ணாடியே கிடையாதாம். கண் வைக்கிற இடத்தில் ஒரு சின்ன டிவி. துள்ளல் இல்லை, கனம் இல்லை, வேண்டாமென்றால் சத்தமும் இல்லை.

“கண்ணாடிக்கு இனிமே எதிர்காலமே இல்லக்கா” என்று முடிப்பார்.

எங்கே நின்று? கண்ணாடிக் கடையில் நின்று. சுற்றிலும் பதினேழு கண்ணாடிகள் மாட்டியிருக்கிறேன். எதிர்காலமில்லாத அந்தப் பதினேழிலும் தலைமுடியைச் சரிபார்த்துவிட்டுத்தான் அலுவலகத்துக்குத் திரும்புவார்.

அவரிடமும் முன்பு ஒரு டி.எஸ்.எல்.ஆர். இருந்தது. இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்து, பெண் பார்ப்பதற்குக்கூட அவ்வளவு விசாரித்திருக்க மாட்டார், அப்படி விசாரித்து வாங்கினார். வாங்கிய அன்றைக்கே வீட்டுப் பின்புறத்துச் செங்கல் சுவரைப் படம் எடுத்தார். ஏன் சுவர்? செங்கல் வரிசை கோடு பிடித்தாற்போல் இருக்கும், லென்ஸ் நேராகப் பார்க்கிறதா, ஓரத்தில் மங்குகிறதா என்று சோதிக்கலாமாம். சுவருக்குப் பிறகு மருந்து பாட்டிலின் லேபிள், சாய்த்து வைத்த அடிக்கோல், கதவில் விரித்து ஒட்டிய செய்தித்தாள், தூங்குகிற பூனையின் மீசை. மனைவியையும் எடுக்காமல் இல்லை. எடுத்தார், இடது கண்ணின் இமைமுடியை மட்டும். ஆனாலும் மனசுக்குப் பிடித்தது சுவர்தான். சுவர் மட்டும் பதினோராயிரம் படம். சுவர் ‘என்னங்க, போதுங்க’ என்று எழுந்து போகாதல்லவா?

மனைவி பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அதிகம் பேசாதவர். அவருக்கு ஒரே ஓர் ஆசை. ஒன்பது வருடமாகத் தன்னோடு இருக்கிற அம்மாவும் தானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம், அதைக் கூடத்தில் மாட்ட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்பே என்னிடம் வந்து சட்டத்துக்கு அளவும் சொல்லிவிட்டார்: பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலம், கறுப்பு மரம். ஒரு வாரத்தில் முடித்து மாட்டி வைத்தேன். உள்ளே படம்தான் இல்லை. வருகிறவர்கள் அதைப் பார்த்து, “இது என்னக்கா புது டிசைனா?” என்று கேட்பார்கள்.

சட்டம் தயாரான அதே வாரம் சோசியர் ஒரு பெரிய பிரிண்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடி வந்தார். ஆகா, வந்துவிட்டதே என்று ஆணியைக்கூட எடுத்து வைத்தேன். பிரித்தால், சுவர்! கீழ் மூலையில் மட்டும் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம்.

“பாத்தீங்களாக்கா கொடுமைய? நடுவுல செங்கல் செங்கலா எண்ணலாம். மூலையில பாருங்க, எவ்ளோ மங்கல்! இந்தக் கேமராவும் வேணாம், இந்த லென்ஸும் வேணாம்.”

அந்த மூலையில் துணி உலர்த்தும் கொடியும் ஈரத் துணியோடு இரண்டு பேரும் இருந்தார்கள். அவர் மங்கல் என்றார். நானும் பார்த்து, “ஆமா, மங்கல்தான்” என்றேன். பிரிண்ட்டை என் மேசையிலேயே விட்டுப் போனார். மறுவாரம் கேமராவை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்.

பிறகு? காத்திருப்புதான். மிரர்லெஸ் வாங்கலாம், ஆனால் அடுத்த மாடல் வரட்டும். மாடல் வந்தது, முதல் தயாரிப்பில் குறை இருக்கும், இரண்டாவது வரட்டும். அதுவும் வந்தது, அதற்கேற்ற லென்ஸ் வரட்டும். லென்ஸும் வந்தது, இனி உள்ளே இருக்கிற புரோகிராமைப் புதுப்பிக்கப் போகிறார்களாம், அது வரட்டும். அம்மாவின் வயது மட்டும் எதற்கும் காத்திருக்காமல் மூன்று கூடிவிட்டது. ஸ்டூடியோவுக்குப் போகலாமா என்று டீச்சர் கேட்டால், “வீட்டுல நான் ஒருத்தன் இருக்கேன், ஸ்டூடியோவுக்குப் போனா ஊரு சிரிக்காது?” போனில் எடுக்கலாமா என்றால், “போன்ல எடுத்ததெல்லாம் ஒரு படமா? அது சுவத்துல ஏறுச்சுன்னா நான் இந்த வீட்ட விட்டு இறங்கிடுவேன்.” சுவர்மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை.

அந்த நேரத்தில்தான் கடல் தாண்டி இருக்கிற அம்மாவின் மூத்த மகன், அவரை நிரந்தரமாகத் தன்னிடம் அழைத்துக்கொள்வதென்று முடிவானது. சனிக்கிழமை மூன்று மணிக்குக் கார். இனி அம்மாவும் மகளும் ஒரே நாற்காலி வரிசையில் எப்போது உட்காருவார்களோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். டீச்சர் அழவில்லை. “சனிக்கிழமைக்குள்ள எடுத்துக் குடுங்க” என்று ஒரே வார்த்தை சொன்னார். வெள்ளிக்கிழமை சோசியர் மிரர்லெஸ் வாங்கிவிட்டார்.

சனிக்கிழமை சட்டத்தைச் சுவரில் பொருத்த ஆணி அடிக்க நானும் போயிருந்தேன். அதனால் நடந்ததைக் கண்ணால் பார்த்தே சொல்கிறேன். இரண்டு மணிக்கே கூடத்தில் இரண்டு நாற்காலி. அம்மா புதுப் புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்தார், டீச்சர் பக்கத்தில். சோசியர் கேமராவைக் கண்ணில் வைத்தார்.

அம்மாவுக்குப் படம் என்றால் ஒரு முறை உண்டு. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், ‘டக்’ கேட்டதும் விட வேண்டும். இழுத்துப் பிடித்தார். ‘டக்’ வரவில்லை. கன்னம் உப்பியது. கண் பெரிதானது. ‘டக்’ வரவில்லை. முகம் சிவந்தது.

“அம்மா, மூச்ச விடும்மா!” என்று டீச்சர் பதறினார்.

“இன்னும் எடுக்கலியேடி!”

“எடுத்துட்டே இருக்கேன் அத்தை! இதுவரைக்கும் நூத்தியிருபது படம்.”

“சத்தத்தையே காணோமே மாப்பிள்ளை?”

“இது சத்தமில்லாம எடுக்கும் அத்தை. அதான் இதோட பெருமையே.”

“சத்தமில்லாம என் வீட்டுல எதுவும் நல்லது நடந்ததில்லப்பா” என்று சொல்லிவிட்டு, நம்பிக்கையில்லாமல் அம்மா மறுபடியும் மூச்சைப் பிடித்தார். இருநூறு. முந்நூறு. அத்தனையிலும் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் முகம். அதன் பக்கத்திலேயே, அதைப் பார்த்துக் கலங்கிப்போன மகள் முகம்.

அப்போது சோசியருக்கு ஒரு யோசனை உதித்தது. சத்தம் வேண்டுமென்றால் அதற்கும் இந்தக் கேமராவில் வழி உண்டாம். செத்துப்போன கேமராவின் ‘டக்’கைப் புதுக் கேமராவே பாவனை செய்து காட்டுமாம். மெனுவில் எங்கேயோ இருக்கிறதாம். தேடத் தொடங்கினார். முதல் பக்கம். மூன்றாம் பக்கம். தேடுகிற வழியில் கண்ணில் பட்ட வேறு இரண்டு மூன்றையும் சரிசெய்தார். ஏழாம் பக்கத்தில் இருக்கும்போது வாசலில் கார் ஹாரன் அடித்தது.

டீச்சர் போனை எடுக்கக் கையை நீட்டினார். “இரும்மா, இதோ வந்துருச்சு, ஒரே நிமிஷம்!” என்று சோசியர் தடுத்தார். டிரைவர் பெட்டிகளைத் தூக்கினார். ஹாரன் மறுபடியும். அம்மா எழுந்தார், மகளைக் கட்டிக்கொண்டார், என் கையைப் பிடித்து, “இவளப் பாத்துக்கம்மா” என்றார். எல்லோரும் வாசலுக்குப் போனோம். கார் கிளம்பித் தெருமுனையில் திரும்பியதோ இல்லையோ, உள்ளேயிருந்து கேட்டது:

‘டக்.’

சோசியர் கண்டுபிடித்துவிட்டார். எதிரே இரண்டு காலி நாற்காலிகள். படம் அபாரமாக வந்திருந்தது.

முந்நூற்றைம்பது படத்தையும் டீச்சருக்குக் காட்டி, “இமைமுடி ஒவ்வொண்ணா எண்ணலாம் பாரு” என்றார். டீச்சர் கடைசிவரை பார்த்துவிட்டு, “எண்ணலாம். ஆனா இது எங்கம்மா இல்ல” என்று சொல்லி உள்ளே போய்விட்டார். நான் ஆணியைப் பாதி அடித்தபடி விட்டுவிட்டு, வெறும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினேன்.

அன்று சாயங்கால வேண்டுதலின்போதுதான் எனக்கு உறைத்தது. பாதி வேண்டுதலில் எழுந்தேன், கடவுள் பொறுத்துக்கொண்டார். மேசை இழுப்பறையின் அடியில் அந்தச் சுவர் பிரிண்ட். சிவப்பு வட்டத்துக்குள் பார்த்தேன். ஈரத் துணியின் ஒரு முனை அம்மா கையில், மறுமுனை மகள் கையில். இரண்டு பேரும் தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். லென்ஸ் மேல் ஒரு குற்றமும் இல்லை. சிரித்துச் சிரித்து அவர்கள் குலுங்கியிருக்கிறார்கள், அதுதான் மங்கல்.

மூலையை வெட்டி எடுத்தேன். உள்ளங்கை அளவுதான் தேறியது. சிவப்பு வட்டத்தையும் விட்டுவைத்தேன். சுற்றிலும் அகலமான வெள்ளை அட்டை கொடுத்து அந்தக் கறுப்புச் சட்டத்துக்குள் பொருத்தினேன். திங்கட்கிழமை கொண்டுபோய் மாட்டியதும் டீச்சர் விரலால் அந்தச் சிவப்பு வட்டத்தைச் சுற்றி வந்தார். பிறகு அவரும் குலுங்கினார். சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“அக்கா, அன்னைக்கு இவரு தரையில குப்புறப் படுத்துக்கிட்டு, செவுத்தப் பாத்து ‘கொஞ்சம் ஆடாம இரு’ன்னு சொன்னாரு. அதுக்குத்தான் எங்கம்மா அப்படிச் சிரிச்சாங்க.”

சோசியர் படத்தின் அருகே வந்தார். மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். சட்டத்தின் ஓரத்தை மெல்லத் தடவினார். ஆகா, மனுஷன் கரைந்துவிட்டார் என்று நானும் நினைத்தேன்.

“கண்ணாடி கொஞ்சம் வெளிச்சம் அடிக்குதேக்கா. வெளிச்சம் அடிக்காத புது ரகம் ஒண்ணு வருதாம். கொஞ்ச நாள் பொறுத்துப் போட்டிருக்கலாம்.”

டீச்சர் என் பக்கம் திரும்பினார். சுத்தியலை மட்டும் என் கையிலிருந்து பத்திரமாக வாங்கி, தூர வைத்தார்.

இதைப் படித்துவிட்டு, “எங்க ஆபீஸ்லயும் ஒருத்தன் இப்படித்தான்” என்று சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், உடம்புக்கு நல்லது. நீங்கள் அந்த இனமில்லை. உங்களிடம் கேமராவே இருக்காது. வீட்டுக்கு வெள்ளையடித்தபின் அம்மாவை அழைத்து வரலாம் என்றும், நல்ல போன் வாங்கியபின் எல்லோருமாக ஒரு படம் எடுக்கலாம் என்றும்தானே இருக்கிறீர்கள்? அது வேறு, இது வேறு. நான்கூட மூன்று வருடம் அந்தச் சிரிப்பைப் பார்த்து ‘மங்கல்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு செய்தி. என் கடைச் சுவரில் இன்னும் நான்கு காலிச் சட்டங்கள் தொங்குகின்றன. அளவு கொடுத்தவர் பெயரைப் பின்பக்கம் பென்சிலில் எழுதி வைப்பது என் பழக்கம். யார் பெயரையும் நான் வெளியே சொல்ல மாட்டேன், கேலி பேச மாட்டேன் என்று வேண்டியிருக்கிறேனே. இந்தப் பக்கம் வந்தால் நீங்களே திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.