இருபதாவது வார்த்தை

இரண்டாவது கோப்பைத் தேநீரும் தொடப்படாமலே சமையலறைக்குத் திரும்பி வந்தது.

"என்னங்க அநியாயம் இது?" ரெட்னோ கணவரின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "ஒரே ஒரு தடவை கேட்டீங்க, அவங்க வேண்டாம்னாங்க, உடனே தூக்கிட்டு வந்துட்டீங்க. நம்ம சோலோ ஊர்ல யாராவது முதல் தடவையே சரின்னு சொல்லுவாங்களா? மூணு தடவையாவது கெஞ்ச வேண்டாம்?"

"அதெல்லாம் நம்ம ஆளுங்களுக்கு. வெளிநாட்டுக்காரங்க வேண்டாம்னா வேண்டாம்தான். வற்புறுத்தினா கோவம் வரும். காரியம் கெட்டுடும், பேசாம இரு" என்றார் ஹர்ஜந்தோ.

காரியம் சாதாரணமானதில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியை மஹ்வஷ், ஈரானிலிருந்து வந்தவர். எந்தெந்த வார்த்தைகள் உலகத்து மொழிகள் எல்லாவற்றுக்கும் பொது என்று ஊர் ஊராகத் தேடி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். நான், நீ, நல்லது, கெட்டது எல்லாம் எல்லாரிடமும் இருக்கிறதாம். கடைசி அத்தியாயம் மட்டும் நேர்மாறு. ஒரே ஒரு மொழிக்காரர்களிடம் மட்டும் இருக்கிற இருபது வார்த்தைகள். பத்தொன்பது கிடைத்துவிட்டன.

மிச்சமிருந்த அந்த ஓர் இடத்தில் 'சுங்கான்' ஏறி உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஹர்ஜந்தோ தவம் கிடந்தார். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் ஜாவானிய மொழி சொல்லிக்கொடுத்தவர். பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கியது அவருடைய பாடவேளையில்தான். தன் மொழி ஒரு தடவையாவது உலகத்தின் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு அப்படி ஓர் ஆசை.

அடுத்தவர் மனம் நோகுமோ, அவருக்குச் சிரமமாகுமோ என்று, எடுக்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு நெளிகிறோமே, அதுதான் சுங்கான். தமிழில் இதற்கு என்ன வார்த்தை என்று என்னைக் கேட்காதீர்கள். மனிதர் காதில் விழுந்தால் வருத்தப்படுவார்.

"இந்த உணர்ச்சி எங்க மண்ணுல மட்டும்தான் விளையும்" என்று கூடத்துக்குத் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். "உங்களை மாதிரி மனசுல பட்டதைப் பட்டுனு சொல்றவங்களுக்கு இது புரியறது கஷ்டம். உங்க மொழியில இதுக்கு வார்த்தை இருக்கா சொல்லுங்க?"

மஹ்வஷ் தலையைக் குனிந்து புன்னகைத்தார். "நீங்க விளக்குற அழகே தனி, பாக்" என்றார், 'ஐயா' என்பதற்கு அந்த ஊர் வழக்கில்.

பதில் சொல்ல முடியாமல் திணறுகிறார் என்று ஹர்ஜந்தோவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ரெட்னோ வாழையிலையில் சுருட்டிய லெம்பரைத் தட்டு நிறைய அடுக்கிக்கொண்டு வந்தாள். கோழிக்கறி வைத்த ஒட்டரிசி வாசனை கூடத்தையே நிறைத்தது.

"எடுத்துக்குங்க" என்றார் ஹர்ஜந்தோ.

"ஐயோ, இருக்கட்டும். வயிறு நிறைஞ்சிருக்கு."

"பார்த்தியா? நிறைஞ்சிருக்காம். எடுத்துட்டுப் போ."

தட்டு போன திசையிலேயே விருந்தாளியின் கண்களும் போயின. விருந்தாளி சாப்பிடாமல் தான் சாப்பிட முடியாதே, ஹர்ஜந்தோவின் கண்களும் பின்னாலேயே போயின.

ஒரு மணிக்குத் தேங்காய்ப்பால் சோறும் சௌசௌ குழம்பும் தயாராகின. "சாப்பிடலாமா?" என்று கேட்டார். "உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?" என்றார் மஹ்வஷ். சிரமம் வேண்டாமாம் என்று சமையலறைக்குச் செய்தி போனது. ரெட்னோ தலையில் அடித்துக்கொண்டாள்.

பின்கட்டில், மஹ்வஷை அழைத்து வந்த உள்ளூர் கார் ஓட்டுநர் பார்னோவை அவள் தன் முறைப்படி கவனித்தாள். அவன் இரண்டு தடவை வேண்டாமென்றான். மூன்றாவது தடவை உட்கார்ந்து, மூன்று தட்டு காலி செய்தான். அவன் ஏப்பம் கூடம் வரை கேட்டது. மஹ்வஷ் எச்சில் விழுங்கினார்.

"அப்ப நான் கிளம்பட்டுமா?" என்று எழுந்தார்.

"அதுக்குள்ள என்ன அவசரம்? இருங்க" என்றார் ஹர்ஜந்தோ, வாய் வார்த்தைக்கு. பசியில் அவருக்குக் காது அடைத்தது.

மஹ்வஷ் உட்கார்ந்துவிட்டார்.

இதை ஹர்ஜந்தோ எதிர்பார்க்கவில்லை. உட்கார்ந்தவரைச் சும்மா வைத்திருக்க முடியுமா? சுங்கானைப் பற்றி இன்னொரு மணி நேரம் பேசினார். மறுபடி அவர் எழுந்தார், மறுபடி இவர் "இருங்க" என்றார், மறுபடி அவர் உட்கார்ந்தார். இரண்டு வயிறுகளும் மாறி மாறி உறுமின. இரண்டு பேருமே கேட்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தார்கள்.

மூன்றரை மணிக்கு மஹ்வஷ் பேனாவை எடுத்தார். குறிப்பேட்டில் இருபது என்று எண் போட்டு, பக்கத்தில் 'சுங்கான், ஜாவா' என்று எழுதி, ஹர்ஜந்தோவிடம் காட்டினார்.

ஹர்ஜந்தோவுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தொரு வருடத்துத் தூக்கத்தையும் பிள்ளைகளுக்கு அந்த நிமிடமே மன்னித்துவிட்டார். வாசல் வரை வந்து, கார் திரும்பும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உலகத்துலயே நம்மகிட்ட மட்டும்தான், ரெட்னோ! எழுதியே குடுத்துட்டாங்க!"

"சரி, பெருமையை அப்புறம் பேசலாம். வந்து சாப்பிடுங்க."

அவர் தட்டின் முன்னால் உட்காரக்கூட இல்லை, அதற்குள் பார்னோ வாசலில் வந்து நின்றான். காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு ஓடி வந்திருந்தான்.

"பாக், சோறு மிச்சம் இருந்தா ஒரு பொட்டலம் கட்டிக் குடுங்க."

"மூணு தட்டு பத்தலையா உனக்கு?"

"எனக்கில்ல, அந்தம்மாவுக்கு. கண்ணு இருட்டுது, ஏதாவது கடையில நிறுத்துன்னாங்க. நம்ம வீட்டுச் சோறு இருக்கும்போது கடை எதுக்குன்னு நான்தான் ஓடி வந்தேன்."

"நான் தட்டுத் தட்டா நீட்டினேனேப்பா! அவங்கதானே வேண்டாம்னாங்க?"

பார்னோ தலையைச் சொறிந்தான். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. அவங்க ஊர்லயும் மூணாவது தடவை கேட்டாத்தான் கையை நீட்டுவாங்களாம், பாக். அதுக்கு அவங்க மொழியில தனி வார்த்தையே இருக்காம். நீங்க அவ்வளவு பெருமையாப் பேசிட்டிருக்கும்போது அதைச் சொல்லத்தான் அவங்களுக்கு சுங்கானா இருந்துச்சாம்."