பத்தடி நடந்த மண்

ஐயாக்கண்ணுவின் மண் தன் இடத்துக்குள் பத்தடி நடந்து வந்துவிட்டது என்று பொன்னுவேல் கண்டுபிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கும்போது. வாயில் நுரையோடு உள்ளே ஓடிப் பத்திரத்தின் தேதியைப் பார்த்தார். அறுபது வருஷம். வருஷத்துக்கு இரண்டு அங்குலம். நூற்றிருபது அங்குலம். சுளையாகப் பத்தடி.

அவருக்கு வேண்டியிருந்ததும் அதே பத்தடிதான்.

சேர்வராயன் மலைக் கிராமமான தலைச்சோலையில் பஸ் வருகிற ரோடு மேலே இருக்கிறது, பொன்னுவேலின் வீடு கீழே. நடுவில் அறுபத்துநாலு மண் படிகள். அவர் மனைவி குப்பாயிக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. மாதம் ஒருமுறை சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போக, அவளை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். ரோடு வந்து சேரும்வரை அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே இருப்பாள்.

வீட்டுக்குத் தெற்கே, ரோட்டிலிருந்து சரிவாக இறங்குகிற பத்தடி அகலத் துண்டு ஒன்று உண்டு. அதில் ஜீப் வாசல் வரை வந்துவிடும். ஆனால் அங்கே தெற்கு வீட்டு ஐயாக்கண்ணு சௌசௌப் பந்தல் போட்டிருந்தார். அவரிடம் வழி கேட்கலாம் என்றால், பேச்சு நின்று ஒன்பது வருஷம் ஆகிறது. காரணம் ஒரு ஆடு. அந்த ஆடு செத்தே ஏழு வருஷம் ஆகிறது.

முந்தின நாள்தான் பள்ளிக்கூடத்தில் ஒரு நிலவியல் பேராசிரியர் பேசினார். நாம் நிற்கிற நிலம் மொத்தமும் வருஷத்துக்கு இரண்டு அங்குலம் வடக்கே நகர்கிறது, அது முட்டுவதால்தான் இமயமலை உயர்கிறது, இருபத்தைந்து கோடி வருஷம் போனால் கண்டங்கள் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொள்ளலாம், அதற்குள் சேர்வராயன் மலையும் தேய்ந்து சேலம் மாதிரித் தரையாகிவிடலாம் என்றார். மற்றவர்கள் மலைக்காக வருத்தப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். முப்பத்தைந்து வருஷம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற பொன்னுவேல், அந்த இரண்டு அங்குலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது வாயைக் கொப்பளித்துவிட்டு நேராகப் பந்தலுக்கு நடந்தார்.

"ஏனுங்க ஐயாக்கண்ணு, உங்க மண்ணு என்ற எடத்துக்குள்ள வந்திருக்குதுங்க."

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு. ஐயாக்கண்ணு காலைத் தூக்கிச் செருப்பின் அடியைப் பார்த்தார்.

"செருப்புல ஒட்டியிருக்குமுங்க. தட்டி உட்டுடறேன்."

பொன்னுவேல் பொறுமையாக விளக்கினார். பத்திரத்தில் எழுதின இடம் அசையாது. மண்தான் அசையும். தெற்கே இருக்கிறவன் மண் வடக்கே இருக்கிறவன் இடத்துக்குள் பத்தடி வந்தாகிவிட்டது. அதனால் பந்தலைப் பிரித்தால் நல்லது.

ஐயாக்கண்ணு எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு பொன்னுவேலுக்கு வடக்கு வீட்டுக்காரரான மாதையனிடம் போய் அதே கணக்கை ஒரு அங்குலம் குறையாமல் ஒப்பித்தார்.

அரை மணி நேரத்தில் மாதையன் பொன்னுவேலின் சமையலறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க மாதையா, காலங்காத்தால வந்திருக்கறீங்க?"

"நான் எங்கீங்க வந்தேன்? உங்க அடுப்புதான் வந்திருக்குது. இந்தச் சமையக்கட்டு பூராவும் இப்ப என்ற எடமுங்களே."

குப்பாயி அவர் முன்னால் ஒரு டம்ளர் காப்பியை வைத்தாள். "எடம் உங்களுது, காப்பித்தூளு எங்களுது. குடிச்சுட்டுப் பேசுங்க."

பொன்னுவேல் யோசித்து ஒரு திருத்தம் சொன்னார். மேல்மண் மட்டும்தான் நகரும், அஸ்திவாரம் போட்டது எதுவும் நகராது. சமையலறைக்கு அஸ்திவாரம் இருக்கிறது. மாதையனும் அது நியாயம்தான் என்று டம்ளரைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்.

மத்தியானம் பார்த்தால், அஸ்திவாரச் சேதி எட்டிய ஐயாக்கண்ணு பந்தலின் பன்னிரண்டு கால்களையும் சுற்றிச் சிமெண்ட் கொட்டிக்கொண்டிருந்தார். காலையில் ஒரு மணி நேரத்தில் பிரித்திருக்கக்கூடிய பந்தல், இனி பாறையை உடைப்பது மாதிரி உடைத்தால்தான் உண்டு.

ரைட்டருக்கு ரோஷம் வந்தது. நில அளவை ஆபீசுக்கு மூன்று பக்கத்தில் ஒரு மனு எழுதிப் போட்டார். சர்வேயர் வெள்ளிக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. அவர் வருகிற சேதி பரவினதும், மாதையனுக்கும் வடக்கே, காட்டை ஒட்டிக் குடியிருக்கும் சின்னத்தாயி வந்து வாசலில் உட்கார்ந்தாள். அவளுடைய இரண்டு பலாமரமும் வேலி ஓரத்தில் நிற்கின்றன. பத்தடி நகர்ந்ததென்றால் அவை காட்டிலாகா இடத்துக்குள் போய்விட்டன என்று அர்த்தம்.

சத்தம் போட்டிருந்தால் பொன்னுவேல் சமாளித்திருப்பார். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"ரைட்டரு ஊட்டுல சோத்துக்கு இருக்குதுங்க. நான் அந்த ரெண்டு மரத்த நம்பித்தான் இருக்கறேன். பாரஸ்ட் கார்டு வந்து கேட்டா என்னன்னு சொல்லட்டுமுங்க?"

அவள் போன பிறகு குப்பாயி கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பந்தல் விவகாரம் எதற்காக என்று அவர் அவளிடம் சொன்னதே இல்லை.

"என்ற காலுக்காக ஊரையே நகத்தோணுமாக்கு? நாக்காலியே போதுமுங்க. அதுல ஒக்காந்தா எஸ்டேட் நொம்ப அழகாத் தெரியுது."

வியாழக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் வார்டு மெம்பர் ராஜேந்திரன் முன்னிலையில் எல்லோரும் கூடினார்கள். சமாதானக் கடிதத்தைப் பொன்னுவேலே எழுதினார். எழுத ஆரம்பித்ததும் பழைய ரைட்டர் அவருக்குள் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"இன்றைய தேதியில் அவரவர் அனுபவத்தில் உள்ளது அவரவருக்கே சொந்தம். மண் எத்திசையில் எவ்வளவு நகர்ந்தாலும், இருபத்தைந்து கோடி ஆண்டுகள் கழித்துக் கண்டங்கள் யாவும் ஒன்றாகக் கூடினாலும், சேர்வராயன் மலை தேய்ந்து தரைமட்டமானாலும், மேற்படி சௌசௌப் பந்தல் உள்ள பத்தடி இடத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எக்காலத்திலும் எவ்வித பாத்தியமும் இல்லை."

இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினார். முப்பத்தைந்து வருஷத்தில் இவ்வளவு இறுக்கமாக அவர் எதையும் எழுதியதில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், சின்னத்தாயி கைநாட்டு வைத்தாள். ஐயாக்கண்ணு, ஆட்டுச் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக, ரைட்டருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

சர்வேயரை வர வேண்டாம் என்று சொல்ல மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். கூடவே சங்கிலியும் கடப்பாறையும் சுமந்துகொண்டு உதவியாள் ஜேசுதாஸ்.

பொன்னுவேல் கையைப் பிசைந்தபடி கடிதத்தை நீட்டினார். சர்வேயர் முழுதும் படித்தார். எந்தக் கோர்ட்டாலும் இதை அசைக்க முடியாது, இப்படி எழுதத் தன் ஆபீசில் ஆள் இல்லை என்று பாராட்டினார். பொன்னுவேல் வெட்கப்பட்டார். வந்ததற்கு ஒரு தடவை அளந்துவிட்டுப் போகிறேன் என்று சர்வேயர் வரைபடத்தை விரித்தார்.

ஜேசுதாஸ் பந்தலைத் தாண்டி, ஐயாக்கண்ணு வீட்டுப் பக்கம் போய்ப் புதருக்குள் கடப்பாறையால் தட்டிப் பார்த்தான். ணங் என்றது. குனிந்து மண்ணை விலக்கினான். அதில் வெட்டியிருந்த எண்ணைத் துடைத்துப் படித்தான். நிமிர்ந்து பந்தலைப் பார்த்தான், பிறகு ரைட்டரைப் பார்த்தான்.

"எல்லக்கல்லு அறுவது வருசமா இங்கயேதானுங்க இருக்குது. பந்தல் நிக்கறது உங்க எடமுங்க, ரைட்டரே."