பார்க்காத படத்துக்கு எழுதிய விமர்சனம் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும், அங்கே அச்சுப்பிழை திருத்தும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமில்லை. காரணம் கீழே.

சென்ற இதழில் வந்த என் கட்டுரை. நூறு வருடத்துக்கு முந்தைய அந்தப் பேசாப்படத்தில் பெயிண்டர் ஒருவர் ஏணியிலிருந்து நாலு நிமிஷம் விழுந்துகொண்டே இருப்பார் என்று சிலாகித்திருந்தேன். பேசாமல் விழுகிறவனுக்கு எந்த ஊரிலும் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்றும் எழுதினேன். உங்களுக்குப் பிடித்த வரி. ஐயா, அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை. பிரதி எங்கும் கிடையாது என்று ஒரு பட்டியலில் படித்தேன். இல்லாத படத்துக்கு யார் சாட்சி சொல்ல வருவார்கள் என்ற தைரியம்.

வந்தார். ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர். உங்கள் ஆபீசில் விலாசம் வாங்கிக்கொண்டு, கையில் அந்தப் படத்தின் சுருள் இருந்த தகர டப்பாவோடு.

"ஏணி எனக்கு ஞாபகமில்ல தம்பி. வயசாச்சுல்ல, மறந்திருப்பேன்."

நின்ற இடத்தில் பூமி பிளந்திருக்கலாம். பிளக்கவில்லை.

கையோடு தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். சுருள் சருகா நொறுங்குது, இன்னும் ஒரு ஓட்டம்தான் தாங்கும், வீட்ல யாருக்கும் இது வேண்டாம், நீங்க ஒருத்தர்தான் ரசிச்சு எழுதினீங்க, அதான் உங்களுக்குன்னு வச்சிருந்தேன்னு சொல்றாரு. வேண்டாம்னு சொல்ல எழுந்தேன், புரொஜெக்டர் வயர் கால்ல மாட்டி, திரை சாஞ்சு, அதைப் பிடிக்கப் போய் நாற்காலி மடங்கி, நாற்காலிக்குள்ள நான். அவர் மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பாத்து, "அப்பா, படம் ஆரம்பிச்சாச்சா?"ன்னு கேக்குது.

ஓடியது. பன்னிரண்டு நிமிஷம். பெயிண்டர் இல்லை, தபால்காரர். நாய் துரத்துகிறது. தண்ணீர்த் தொட்டியில் விழுகிறார். தொட்டியோடு எழுந்து போய்க் கடிதத்தைக் கொடுக்கிறார். முகத்தில் சலனமே இல்லை. அந்த முகம்தான் படம். முடிவில் சுருள் அறுந்து, துண்டு துண்டாகத் தரையெல்லாம்.

"போகட்டும் தம்பி. நீங்க பாத்துட்டீங்கல்ல. சரியா எழுதிடுங்க."

ஆகவே, மேலே தபால்காரரைப் பற்றி எழுதிய பத்தியைத் திருத்தமாக வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீட்டாருக்கு என் வணக்கங்கள், தலை நிமிராமல்.

இப்படிக்கு,
தங்கள் திரைவிமர்சகன் (இன்னும் அப்படியென்றால்)

பின்குறிப்பு: திருத்தத்தை வெளியிட வேண்டாம். விளக்கை அணைத்ததிலிருந்து நான் திரைப் பக்கமே திரும்பவில்லை. வெட்கம். ஆபரேட்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தபால்காரர், நாய், தொட்டி எல்லாம் மறுபடியும் என் கைச்சரக்கு. அவர் ஏழு தடவை சிரித்தார். அதை மட்டும் பார்த்தேன்.