திட்டு வாங்க ஆள் தேவை

பழைய ரப்பர் தோட்டத்து ஜனங்கள் குடியேறிய எங்கள் சுங்கை சிப்புட் வீடமைப்பில் இருநூறு வீடுகளுக்கு இணையம் தருபவர் துளசி. இணையம் எந்த வழியாக எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் ரூட்டர் மென்பொருளுக்கு ஒரு பெரிய கம்பெனி வருடா வருடம் கட்டணத்தை ஏற்றிக் கழுத்தை நெரித்தது. இன்னொரு வருடம் கட்டினால் கடையை மூட வேண்டியதுதான். ஆகவே யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்த திறந்த மூல மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மூன்று மாதம் சோதித்து, அனுமதி கேட்டு ஈப்போவுக்குப் போனார்.

அங்கே வலைப்பாதை மேற்பார்வை அலுவலகத்தின் உதவி அதிகாரி உயர்திரு பவித்ரன் அவர்கள் விண்ணப்பப் போராங்கைப் பரிசீலித்தருளினார்.

"விக்கிறவர் பேருன்னு ஒரு கட்டம் காலியா இருக்கே?"

"விக்கிறவங்க இல்ல சார். நெறைய பேரு சேந்து எழுதி சும்மா குடுக்கிறாங்க."

"சும்மாவா! கெட்டுப் போனா யாரைத் திட்டுறது?"

"நாங்களே தொறந்து பாத்து சரிபண்ணிருவோம் சார்."

"சரிபண்றது வேறலா. திட்டுறதுக்கு ஆள் வேணும். பெரிய கம்பெனின்னா போன்ல ஒருத்தன் சாரி சார், சாரி சார்னு சொல்லுவான். இதுக்கு யாரு சொல்லுவா?"

நியாயம்தானே! துளசி தன் கூட்டாளி ராஜுவை அதிகாரபூர்வத் திட்டுவாங்குநராக நியமித்துக் கடிதம் கொடுத்தார். ஒத்திகையும் நடந்தது. பவித்ரன் அரைமணி நேரம் திட்டினார், ராஜு நாற்பத்தொரு முறை சாரி சொன்னார். அனுமதி கிடைத்தது.

மென்பொருள்தான் மானத்தை வாங்கியது. ஆறு மாதமாக ஒருநாள்கூட இணையம் படுக்கவில்லை. ராஜு போன் பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். ஈப்போவிலிருந்து கடிதம் வந்தது: 'புகார்கள் அறவே இல்லாதது ஆழ்ந்த கவலைக்குரியது. திட்டுவாங்குநர் பணியாற்றுவதற்கான ஆதாரம் சமர்ப்பிக்கத் தவறினால் அனுமதி ரத்து.'

துளசிக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் வெள்ளிதோறும் சீரியல் நேரத்தில் அவரே இணையத்தை ஒரு மணி நேரம் அணைத்தார். போன் அலறியது. அலுவலகம் 'சிறந்த சேவை' விருது அனுப்பியது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. விருது கையில் இருக்கும் தைரியத்தில் ஒரு வெள்ளி அணைக்காமல் விட்டார். மறுநாள் வாடிக்கையாளர் கருப்பம்மாள் அக்கா வந்து நின்றார்.

"நேத்து லைன் போகவே இல்லியே, துளசி?"

"இனிமே போகாதுக்கா."

"அப்ப நாங்க பெரிய கம்பெனிக்கே போறோம்லா. வெல கூடத்தான். ஆனா அங்க தெனமும் போவுது. வீட்டுக்காரர்கிட்ட காட்ட முடியாத கோவத்தை எல்லாம் போன்லயாச்சும் கொட்டலாம்."

அந்த மாதமே எழுபது வீடு கிளம்பிவிட்டது. துளசி பயந்துபோய் வெள்ளிக்கிழமை அணைப்பை மறுபடி தொடங்கினார். எழுபதும் திரும்பி வந்தன, கூடவே பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து முப்பது.

அந்த எழுபதில் ஒன்று என் வீடு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் மட்டும் தயவுசெய்து என்னைக் கூப்பிடாதீர்கள். ராஜுவோடு பேசிக்கொண்டிருப்பேன்.