புடவைக்கடையில் படகுப் பங்கு

வாங்குகிற சம்பளத்துக்கு மிகச் சரியாக வேலை பார்த்த மனிதர், காவிரியின் இரண்டு கரையிலும் சேர்த்து ஒருவர்தான். குறைவாக வேலை பார்க்கிறவர்களை நமக்குத் தெரியும். கூடுதலாக உழைத்து இடுப்பு போனவர்களையும் தெரியும். மீட்டர் அண்ணன் இரண்டு வகையிலும் சேராதவர். சம்பளம் எந்த இடத்தில் முடிகிறதோ, வேலையும் அந்த இடத்தில் முடிந்துவிடும். துணி கிழித்தது போல நேராக.

அவருடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மயிலாடுதுறையில் எங்கள் ஜவுளிக்கடையில் முதலில் அவர் ஜாக்கெட் துணி வெட்டும் பகுதியில் இருந்தார். அங்கிருந்து புடவைப் பகுதிக்கு மாற்றிய பிறகும் அந்த இரும்பு மீட்டர் கோலைக் கையிலிருந்து விடவில்லை. முதுகு சொறிய அதுதான். பேச்சில் முக்கியமான இடம் வந்தால் மேஜையைத் தட்டவும் அதுதான். சொந்த ஊர் நாகப்பட்டினம். அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். இவர் மட்டும் படகில் ஏறினாலே வாந்தி எடுத்ததால் ஜவுளிக்கு வந்துவிட்டார்.

நான் அவருக்குப் பக்கத்தில், வேட்டி துண்டுப் பகுதி. ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. பேச்சும் வராது. வேட்டி வாங்க வருகிறவர்கள் அதிகம் பேசமாட்டார்கள் என்றுதான் முதலாளி என்னை அங்கே போட்டார்.

காலையிலிருந்து கடை அடைக்கும் வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டதும், முதலாளி உடனே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கிவிட்டார். சட்டத்தை மதிக்கிறவர். ஆனால் மேலே சுற்றியிருந்த பாலிதீன் உறையைப் பிரிக்கக் கூடாது என்றுவிட்டார். "அழுக்காயிடும்டா." உறையோடு உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் வரும். கல்லாவிலிருந்து முதலாளி நிமிர்ந்து பார்ப்பார். நாங்கள் எழுந்துவிடுவோம்.

"நம்ம கடை திவ்யதேசம்ய்யா" என்பார் மீட்டர் அண்ணன். "முதலாளி இருந்த திருக்கோலம். நாம நின்ற திருக்கோலம். வீட்டுக்குப் போனதும் கிடந்த திருக்கோலம். மூணையும் ஒரே நாள்ல சேவிச்சுடலாம்."

ஒருமுறை ஓர் அம்மாள் பொறுக்க முடியாமல் அவரிடம் கேட்டார். "ஏன்ப்பா, கொஞ்சம் சிரிச்ச முகமாத்தான் காட்டேன்?"

"புடவை காட்டறதுக்குத்தாம்மா சம்பளம். முகம் காட்டறதுக்கு இன்னும் பேசி முடிக்கல."

"சரி, அந்த மேல் தட்டுல இருக்கற பச்சையை எடு."

"அதுக்கு எம்பணும்மா. எம்பறதும் சம்பளத்துல சேரல."

முதலாளி கல்லாவிலிருந்து கத்தினார். "டேய், கடைய மூடப் பாக்கறியா?"

"ஒம்போது மணிக்குத்தாங்க மூடணும். ஷட்டர் இழுக்கறது சம்பளத்துல இருக்கு. இழுத்துடறேன்."

அவரை ஏன் துரத்தவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

அப்போதுதான் கடைத்தெரு முனையில் வெளியூர்க்காரர்களின் புதுக்கடை வந்தது. நாலு மாடி, ஏசி, லிஃப்ட். துணி வாங்காதவர்கள்கூட லிஃப்டில் போய் வருவதற்காகக் குடும்பத்தோடு போனார்கள். எங்கள் ஆட்களும் ஒவ்வொருவராக அங்கே வேலைக்குப் போனார்கள். எங்கள் கடை பொங்கலைப் பார்க்காது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

நானும் அங்கே போகலாமா என்று விசாரித்துப் பார்த்தேன். புதுக்கடையில் ஆள் எடுக்கும்போது நேரில் உட்கார வைத்து, 'உங்களைப் பத்திச் சொல்லுங்க' என்பார்களாம். என்னைப் பற்றி என் மனைவியிடமே நான் இன்னும் முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை. வீட்டில் பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். இந்தக் கடை போனால் எனக்கு வேறு பிழைப்பு கிடையாது.

ஐப்பசி பிறக்கப் போகிற நேரம். தீபாவளி வியாபாரத்துக்கு ஆள் இல்லை. முதலாளி இறங்கிவந்து, "என்னதான்டா வேணும் உனக்கு?" என்று மீட்டர் அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் கோலால் மேஜையைத் தட்டினார். "எங்க ஊர்ல கடலுக்குப் போனா கூலி கிடையாதுங்க. பங்கு. படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மிச்சம் போன ஆளுங்களுக்கு. மீன் பட்டா எல்லாருக்கும் சோறு, படலைன்னா எல்லாரும் பட்டினி. அதனால படகுல ஒருத்தனும் தூங்க மாட்டான். கடை உங்களுது, சரக்கு உங்களுது, அதுக்கான பங்கை எடுத்துக்குங்க. லாபத்துல மிச்சத்தை, சம்பளத்துக்கு மேல, எங்களுக்கும் பிரிச்சுக் குடுங்க. சேர்ல இருக்கற உறையைக் கழட்டுங்க. சோத்தை மென்னு திங்க நேரம் குடுங்க."

"இது என்ன புடவைக்கடையா, மீன்பிடி படகா?"

"ரெண்டும் முழுகறப்ப ஒண்ணுதாங்க."

முதலாளி ஒப்புக்கொண்டார். வேறு வழியில்லை.

ஐப்பசி முதல் நாள் நாற்காலி உறைகளை அண்ணனே கிழித்தார். அன்றைக்கே சிரிக்கவும் ஆரம்பித்தார். பழக்கமில்லாத முகம். எல்லாப் பல்லும் ஒரே நேரத்தில் வெளியே வந்ததில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. இரண்டு மூன்று நாளில் சிரிப்பு ஓர் அளவுக்கு வந்து நின்றது. மேல் தட்டுக்கு எம்பினார். அதற்கும் மேலே, வருஷக்கணக்கில் யாரும் தொடாத தட்டுக்கு ஏணி போட்டு ஏறினார். கடை அடைக்கும்போது, "இன்னிக்கு மீன்பாடு எப்படிங்க, படகுக்காரரே?" என்று கேட்பார். முதலாளி முறைப்பார். ஆனால் அந்தப் பட்டம் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

நாங்களும் மாறினோம். கால் வலி இல்லாதவன் முகமே வேறு. துண்டு வாங்க வந்த ஒருவரிடம் நானே வாய் திறந்து, "வேட்டியும்...?" என்றேன். வியாபாரத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. அவர் வாங்கிக்கொண்டார். அன்று முழுக்க என் காது சூடாகவே இருந்தது.

நல்ல சம்பளம் கொடுத்து மரியாதையாக நடத்தினால் கடைப் பையன்கள் நன்றாக வேலை செய்வார்களா என்று கேட்கிறார்கள். செய்வார்கள். ஆனால் எந்தத் திசையில் நன்றாகச் செய்வார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு நன்னிலத்திலிருந்து ஒரு விவசாயி மனைவியோடு வந்தார். திருக்கடையூரில் அவர்களுக்கு அறுபதாம் கல்யாணம். குறுவை நெல் நன்றாகக் கண்டிருந்தது போலிருக்கிறது. "இருக்கறதுலயே பெருசா எடுப்பா" என்று உட்கார்ந்தார். உடம்பு முழுக்க ஜரிகை ஓடிய பட்டுப்புடவை ஒன்றைக் கை காட்டினார். அந்தப் பருவத்திலேயே பெரிய பில் அதுதான். நாங்கள் எல்லாரும் மனதுக்குள் பங்கு பிரிக்க ஆரம்பித்துவிட்டோம். முதலாளி அவர்களுக்குக் குடிக்கக் கலர் வாங்கிவர ஆள் அனுப்பினார்.

மீட்டர் அண்ணன் மட்டும் அந்த அம்மாளைப் பார்த்தார். ஒடிசலான உடம்பு. புடவையைத் தோளில் போட்டதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

"ஐயா, இத நீங்க கொஞ்சம் போட்டுப் பாருங்களேன்."

"யோவ், நெல்லு மூட்டைய முதுகுல தூக்கி அட்டி போட்டவன்யா நான். எனக்கென்ன!"

அண்ணன் அவரை எழுப்பி, சட்டைக்கு மேலே புடவையைச் சுற்றி, கொசுவம் வைத்து, முந்தானையும் போட்டுவிட்டார். கடையே திரும்பிப் பார்த்தது. "இப்பக் கீழ உக்காருங்க. ஹோமப் புகை கண்ணுல படுதுன்னு வச்சுக்குங்க. எந்திரிங்க. விழுந்து கும்பிடுங்க. இன்னும் ஒரு தடவை எந்திரிங்க." மீசையும் ஜரிகையுமாக அவர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினார்.

"இது காஞ்ச புடவைங்க. அங்க கலசம் கலசமாத் தண்ணிய தலையில ஊத்துவாங்க. நனைஞ்ச வலையைத் தூக்கறதுதான் கஷ்டம்னு எங்கப்பா சொல்லுவாரு. நனைஞ்ச பட்டும் அப்படித்தான்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கூறைநாட்டுத் தறியில் நெய்த, லேசான கூறைப்புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு, பேருக்கு ஒரு பில்லோடு இரண்டு பேரும் போனார்கள். கலர் பாட்டில் வந்தபோது குடிக்க ஆள் இல்லை.

முதலாளி கல்லாவை விட்டு எழுந்தார். "பங்கு குடுத்தேன், சேர் குடுத்தேன், சோறு திங்க நேரம் குடுத்தேன். என் படகுலயே ஓட்டை போடறியாடா? போடா வெளிய!"

நாங்கள் யாரும் அண்ணனுக்காகப் பேசவில்லை. எங்கள் பங்கும்தானே போயிற்று. அவர் மீட்டர் கோலை மேஜைமேல் வைத்தார். "படகுக்காரர் இறங்கச் சொன்னா இறங்கித்தாங்க ஆகணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மறுநாளே புதுக்கடை அவரை எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு எங்கள் கடையில் சிரிப்பு நின்றது. நாற்காலிகள் மாடிக்குப் போயின. தீபாவளி புஸ்வாணமாகப் போனது. "தை வரைக்கும் பாப்பேன், அப்புறம் பூட்டிடுவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் வேட்டிகளை மடித்துக்கொண்டே, 'என்னைப் பத்தி' என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டாவது வாக்கியம் வரவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் கடை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பெண்களும் பிள்ளைகளுமாக இறங்கிக்கொண்டே இருந்தார்கள். முன்னால் அதே நன்னிலத்துக்காரர்.

"என்னைப் புடவை கட்ட வச்ச ஆளு எங்கய்யா?"

முதலாளி கல்லாவிலிருந்து இறங்கி வந்தார்.

"எங்களுக்குப் பக்கத்துல இன்னொரு ஜோடி. தண்ணி ஊத்தினதும் அந்தம்மாவை பட்டோட ரெண்டு பேரு தூக்கித்தான் நிறுத்தினாங்க. எங்க வீட்டம்மா ஜம்முனு எந்திரிச்சு நடந்தா. இப்ப என் தம்பி பொண்ணுக்குக் கல்யாணம். அந்தாளு காட்டினாத்தான் எடுப்போம்."

"டீ சாப்பிடப் போயிருக்காருங்க. இதோ கூட்டிட்டு வந்துடறேன்" என்றார் முதலாளி. மாடியிலிருந்து நாற்காலிகளை இறக்கி அவர்களை உட்கார வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினார். போட்டிக் கடைக்குத் தனியாகப் போக அவருக்குக் கூச்சம். கூச்சத்தில் அனுபவசாலி என்று என்னைச் சேர்த்துக்கொண்டார் போலிருக்கிறது.

புதுக்கடையில் மூன்றாவது மாடியில் மீட்டர் அண்ணன் கழுத்தில் டை கட்டிக்கொண்டு நின்றார்.

"இதென்னது கழுத்துல?"

"டைங்க. கட்டறதுக்குத்தான் சம்பளம் கூடக் குடுக்கறாங்க. அதனால கட்டறேன்."

"கூட வா. கல்யாணக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க."

"இங்க ஒண்ணுக்குப் போறதுக்கே சூப்பர்வைசர்கிட்ட கை தூக்கணும். வரக் கூடாதுன்னு இல்லீங்க. வந்தப்புறம் மறுபடி ஒரு பெரியம்மா வருவாங்க. மறுபடி நான் பில்லைக் குறைப்பேன்."

முதலாளி நெற்றியைத் துடைத்தார். "குறை. குறைச்சுத் தொலை. அந்தப் பில்லுதான் இந்த வேனைக் கூட்டிட்டு வந்துச்சு. உனக்கு எவ்வளவு வேணும், சொல்லு."

"எனக்கு முன்ன பேசின பங்கே போதுங்க." அண்ணன் என் பக்கம் கையை நீட்டினார். "இவருக்குச் சம்பளத்தைக் கூட்டிப் போடுங்க. சேர்ந்த நாள்ல குடுத்ததுல இருந்து பெருசா ஏறல. பொண்ணு காலேஜ் போகப் போவுது. நாங்கள்லாம் வாய் இருக்கறதால வாங்கிட்டோம். இவரு கேக்க மாட்டாரு. நீங்களும் கேக்காதவங்களுக்குக் குடுக்கறதில்ல. இது ஒண்ணுதான் என் கண்டிஷன்."

அவரைத் துரத்திய அன்றைக்கு அவருக்காக ஒரு வார்த்தை பேசாமல் நின்றவன் நான். முதலாளி என்னை அப்போதுதான் முதல்முறை பார்ப்பது போல மேலிருந்து கீழே பார்த்தார். "சரி, வாங்க போலாம்" என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னது.

வேன் நிறைய மூட்டைகளோடு நன்னிலம் போனது. கடை தையைத் தாண்டியது. அடுத்த தையையும் தாண்டியது. இப்போதும் நான் வேட்டிப் பகுதியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் பெண் காலேஜ் முடிக்கப் போகிறாள்.

மீட்டர் அண்ணன் வேலையை விட்டு நாகப்பட்டினத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். போகிற அன்றுகூட நான் சரியாக ஒன்றும் பேசவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன். அண்ணே, ஒருநாள் வீட்டுக்கு வாங்க. மீன்குழம்பு வைக்கச் சொல்கிறேன். எங்கள் ஆற்று மீனை மீன் என்றே ஒப்புக்கொள்ள மாட்டீர்கள், தெரியும். குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுங்கள். நீங்கள் பேசுவதைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.