இளவரசியைத் தேடி வந்த இன்ஸ்பெக்டர்

சேர்த்து வைக்கிறவன் ஒருநாளும் படிக்கிறவன் ஆகமாட்டான். இது நான் எங்கும் படித்துத் தெரிந்துகொண்டது இல்லை. (படித்திருந்தால்தானே!) எங்கள் ஊரில் தெங்கேரா என்கிற பேட்டையில் ஒரு வீட்டுக் கூடத்தில், நாலு பேர் முன்னால், கையில் கோப்பியை வைத்துக்கொண்டு தெரிந்துகொண்டது.

போன வாரம் கோலாலம்பூரிலிருந்து என் பேத்தி வந்திருந்தாள். வந்ததும் சோபாவில் கவிழ்ந்து விழுந்து புலம்ப ஆரம்பித்தாள். அனிமே என்று ஏதோ ஜப்பான் கார்ட்டூன் தொடர்களாம். பார்க்க வேண்டும் என்று எடுத்து வைத்தவை மலைபோல் குவிந்து கிடக்கின்றனவாம். ஒன்றைத் தொடுவதற்குள் புதிதாக நாலைந்து சேர்ந்துவிடுகின்றனவாம்.

"அப்போ உக்காந்து பாரேன் லா," என்றேன்.

"எல்லா சீசனும் வந்து முடியட்டும் தாத்தா. அப்புறம் ஒரே மூச்சுல பார்த்துக்குவேன்."

ஒரே மூச்சு! நானும் ஒரு காலத்தில் சொல்லித் திரிந்த சொல். இந்த வியாதி எங்கள் வம்சத்தில் என்னோடு ஒழிந்தது என்றல்லவா நினைத்திருந்தேன்.

மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வந்த சமயம் அது. ஊரெல்லாம் புதுக் கொடி பறந்தது. நான் அதே ஊரில் காஜா பெராங் பக்கம் என் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு, டவுனில் ஒரு கித்தா (ரப்பர்தான்) வியாபாரியின் ஆபீசில் கிராணியாக இருந்தேன். கிராணி என்றால் குமாஸ்தாதான். ஆனால் கிராணி என்று சொல்லிக்கொள்ளும்போது முதுகு தானாக நிமிரும். சம்பளம் வந்ததும் பாய் கடைக்குப் போய், மதராசிலிருந்து கப்பலில் வந்திறங்கும் வாரப் பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு வருவேன்.

அள்ளிக்கொண்டு வருவேன் என்றுதான் சொன்னேன். படிப்பேன் என்று சொல்லவில்லை.

எனக்கென்று ஒரு கொள்கை இருந்தது. தொடர்கதையை வாராவாரம் படிப்பது அற்பர்களின் வேலை. 'தொடரும்' என்று போட்டதும் பத்திரிகைக்காரன் காலில் விழுந்து அடுத்த கப்பலுக்காகக் காத்துக் கிடப்பதா? உண்மையான ரசிகன் என்ன செய்வான்? கதை முடியும்வரை பொறுப்பான். பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி, ஒரு நல்ல நாளில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படிப்பான். கொள்கையில் ஒரு குறையும் இல்லை. அந்த நல்ல நாள்தான் வரவில்லை. ஒரு கதை முடிவதற்குள் மூன்று கதைகள் தொடங்கிவிட்டன. கட்டிலுக்கு அடியில் நிரம்பி, அலமாரிக்கு மேலே ஏறி, கடைசியில் அடுக்களைவரை வந்துவிட்டன.

"டேய், அரிசி டின் மேல ஒன் குப்பையை வைக்காதேடா," என்று அக்கா கத்துவாள். "பெரிய சுசாவா, தொல்லையா போச்சு ஒன்னோட. ஒருநாள் எல்லாத்தையும் பாசார்ல கடலை மடிக்கக் கச்சான்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துடுவேன் பாரு."

என்னிடம் அப்படிக் கத்துவாளே தவிர, வெளியில் போனால் அவளுக்கு என்னைப் பற்றி ஒரே பெருமை. "என் தம்பி படிக்காத புத்தகமே இல்லை" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். பக்கத்துச் செட்டி வீட்டு அம்மாவுக்கு, பல தலைமுறைக்கு முன்னால் வந்து குடியேறிய வம்சம், தமிழே வராது, வீட்டில் பேசுவது மலாய்தான். அந்த அம்மாகூட என்னைக் காட்டித் தன் பிள்ளைகளிடம் "பண்டாய்" என்பார். (கெட்டிக்காரன் என்று அர்த்தம். நான் மறுத்ததாக ஞாபகம் இல்லை.)

இந்தப் பெருமையெல்லாம் யாருக்கும் கெடுதல் செய்யாமல் கிடந்திருக்கும், நான் சரசுவைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

ஒரு கல்யாண வீட்டில்தான் பார்த்தேன். எல்லாப் பெண்களும் மல்லிகைப் பூவுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் பூவைச் சுற்றி வந்த ஈரக் காகிதத்தைப் பிரித்து, ஓரமாக நின்று, அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தாள். பாதியில் கிழிந்திருந்தது போலிருக்கிறது, மீதிப் பாதியைக் கீழே குனிந்து தேடினாள். எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துப்போயிற்று. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா விசாரித்தாள். தெங்கேராவில் வீடு, அப்பா ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். பெண்ணுக்கு ஒரே ஒரு நிபந்தனை: மாப்பிள்ளை படிக்கிற பழக்கம் உள்ளவராக இருக்க வேண்டும். கேட்ட மாத்திரத்தில் அக்கா அவிழ்த்துவிட்டாள். என்னுடைய வாசிப்பைப் பற்றி அவள் சொன்னதைக் கேட்டு டிரஸ்ஸரே மிரண்டிருக்கிறார். "அப்படின்னா நல்ல புத்தகமா ஒண்ணு கொடுத்து அனுப்பச் சொல்லுங்க, பொண்ணு படிக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வாங்க," என்றாராம்.

என்னிடம் இருந்தவற்றில் ரொம்பத் தடியானதைத் தேடி எடுத்தேன். சிவப்பு அட்டை. முதுகில் ஒரு காகிதம் ஒட்டி, 'இளவரசி செங்கமலவல்லி' என்று நானே முத்து முத்தாக எழுதி வைத்திருந்தேன். அதைத் திறந்து பார்த்தேனா என்று கேட்காதீர்கள். அதற்குரிய நல்ல நாள்தான் இன்னும் வரவில்லையே!

இங்கே பைண்டு பண்ணிய சீனரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டவுனில் கடை வைத்திருந்தார். நேர்த்தியான வேலை. எங்கள் இருவருக்கும் பொதுவான பாஷை பாசார் மலாய். பல மாதங்களுக்கு முன்னால் அவரிடம் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுபோய்ப் போட்டிருந்தேன். ஒரே பத்திரிகையில் ஒரே சமயத்தில் ஓடிய இரண்டு தொடர்கள். ஒவ்வொரு வாரமும் இரண்டையும் கிழித்து, ஒன்றாக ஊசி குத்தி வைத்திருந்தேன்.

அவர் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இனி செமுவா சாத்து புக்கு கா?" என்றார். இதெல்லாம் ஒரே புத்தகமா என்று கேட்கிறார்.

சாத்து என்றால் மலாயில் ஒன்று. தமிழில் 'ஒண்ணு ஒண்ணா' என்றால் தனித்தனியாக என்று ஆகிறது. மலாயிலும் அப்படியே, மூச்சு விடாமல் 'சாத்து-சாத்து' என்றால் தனித்தனிதான். நான் கிராணி அல்லவா? தனித்தனிப் புத்தகம் என்று சொல்ல நினைத்து, நிறுத்தி, நிதானமாக, தலையை ஆட்டிக்கொண்டு, "சாத்து. சாத்து," என்றேன்.

அவர் காதில், 'ஒன்றுதான் ஐயா, ஒன்றேதான்' என்று விழுந்திருக்கிறது. எது எந்தக் கதை என்று தமிழ் தெரியாத மனிதர் எப்படிப் பிரிப்பார் என்கிற சின்ன விஷயம் இந்தப் பண்டாய் மூளையில் உதிக்கவில்லை. கட்டு திரும்பி வருவதற்குள், அதில் எத்தனை கதை கொடுத்தேன் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். முதல் பக்கத்தில் இருந்த தலைப்பைப் பார்த்து முதுகில் எழுதி ஒட்டியதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெள்ளைச் சட்டை, தலையில் அரைப் போத்தல் எண்ணெய், நானும் அக்காவும் பெச்சா என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் தெங்கேராவுக்குப் போய் இறங்கினோம். சரசு கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் என் சிவப்புப் புத்தகம்.

"தம்பி, பொண்ணு ஏதோ கேக்கணும்னு சொல்லுது," என்றார் டிரஸ்ஸர். "மெர்டேக்கா வந்துருச்சு இல்லையா, பொண்ணுங்களும் கேக்கலாம் லா. கேளும்மா."

நாட்டுக்கு விடுதலை கிடைத்தது. நான் மாட்டிக்கொண்டேன்.

"இதை நீங்க எத்தனை தரம் படிச்சிருப்பீங்க?" என்று கேட்டாள்.

"மூணு தரம்." (ஒரு தரம் என்று சொல்லியிருக்கலாம். வாய் கேட்கவில்லை.)

"எனக்கு ஒரு சந்தேகம். செங்கமலவல்லியைப் பாதாளச் சிறையில போட்டுடுறாங்க. வெளியே குதிரைச் சத்தம் கேக்குது. அவளும் தளபதிதான் வந்துட்டார்னு எழுந்து நிக்கிறா. பக்கத்தைத் திருப்பினா, இன்ஸ்பெக்டர் பரசுராமன் மோட்டார் கார்ல வந்து இறங்கி சிகரெட் பத்த வைக்கிறாரே?"

கோப்பியை ஒரு மடக்கு குடித்துக்கொண்டேன். அரச கதையில் இன்ஸ்பெக்டருக்கு என்ன வேலை? அந்த இடத்திலேயே, 'தெரியலைங்க' என்று சொல்லியிருந்தால் பாதி மானமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது ஒரு உத்தி," என்றேன்.

"உத்தியா?"

"ஆமாங்க. காலத்தையே கலைச்சுப் போட்டு எழுதுறது. அன்னைக்கும் சிறை இருந்துச்சு, இன்னைக்கும் சிறை இருக்கு. அதைத்தான் சொல்லாம சொல்றார். சாதாரணமா படிக்கிறவங்களுக்குப் பிடிபடாது."

"அடேயப்பா!" என்றார் டிரஸ்ஸர். அக்கா தன் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சரசுவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "சரிங்க. மகாராஜா விஷம் குடிச்சுச் செத்துப் போறார். தளபதி வாளை உருவிக்கிட்டு, 'இந்தக் கொடுமையைச் செய்தவன் யார்?'னு கேக்கறார். அடுத்த வரியிலேயே, 'ரெண்டு மசால் தோசை'ன்னு ஓட்டல்ல ஒருத்தன் கத்துறான். அதுவும் உத்தியா?"

"அதுதாங்க உச்சம்!" என்றேன். எனக்குள் ஏதோ ஒரு பேய் புகுந்துகொண்டது. "சோகத்தை அப்படியே விட்டா படிக்கிறவன் நெஞ்சு தாங்குமா? ராஜா செத்தாலும் தோசைக்கல்லு ஓயாது, இல்லையா? வாழ்க்கையே அதுதானே."

"நல்ல மனுசன்யா எழுதினவரு," என்று டிரஸ்ஸர் உருகிப்போனார்.

"முடிவு உங்களுக்குப் பிடிச்சுதா?" என்றாள் சரசு.

"அழுதுட்டேன்."

"எந்த முடிவுக்கு?"

"எந்த முடிவுக்குன்னா?"

"இதுல 'முற்றும்'னு ரெண்டு இடத்துல போட்டிருக்கு. ஒரு முற்றும்ல இளவரசிக்குப் பட்டாபிஷேகம். இன்னொரு முற்றும்ல இன்ஸ்பெக்டர் பால்காரனைப் புடிச்சு விலங்கு மாட்டுறார். நீங்க எதுக்கு அழுதீங்க?"

அப்போதுதான் சீனர் கடையும், நான் தலையை ஆட்டி ஆட்டிச் சொன்ன "சாத்து. சாத்து"வும் கண்முன்னால் வந்தன. வேர்த்துக் கொட்டியது. எண்ணெய் காதுப் பக்கமாக இறங்கியது.

அவள் இன்னும் முடிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து அப்பாவிடம் காட்டினாள். "பைண்டு பண்ணின பசை காஞ்சு, பக்கம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடந்துச்சுப்பா. நான்தான் அம்மா கொண்டை ஊசியை வச்சு ஒவ்வொண்ணா பிரிச்சேன். மூணு தரம் படிச்சவரு எந்தப் பக்கமா உள்ளே போனாருன்னுதான் எனக்குத் தெரியலை."

டிரஸ்ஸர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். புண்ணுக்குக் கட்டுப்போட்டுப் பழகிய மனிதர், கொஞ்சம் மென்மையாகத்தான் கேட்டார்: "அப்போ அந்த அழுகை, தம்பி?"

"படிக்கலைங்க," என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சமயத்தில் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. என் மானம் போனதற்காக இல்லை. பூச் சுற்றிய காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிற ஒருத்தி முன்னால், அவளுக்கு உயிரான ஒன்றை வைத்தே அளந்துவிட்டேனே என்றுதான் அழுகை வந்தது. இனி அவள் கிடைக்கமாட்டாள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

பெச்சாவில் வீடு திரும்பினோம். காஜா பெராங் வந்ததும் அக்கா சொன்னாள்: "ராஜா செத்தாலும் தோசைக்கல்லு ஓயாதாம். பைத்தியக்காரா!" மறுநாள் காலையில் அடுப்புப் பற்றவைக்க ஒரு கட்டுப் பத்திரிகையை எடுத்துப் போனாள். நான் தடுக்கவில்லை.

சில நாள் கழித்து டிரஸ்ஸர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். சிவப்புப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கை வெறுமையாக இருந்தது.

"தம்பி, நான் வேணாம்னுதான் சொன்னேன்," என்று ஆரம்பித்தார். "இப்படிப் புளுகுற பையனுக்கு எப்படிம்மா கொடுக்கறதுன்னு கேட்டேன். அதுக்கு அவ சொல்றா: 'ஒரு பக்கம்கூடப் படிக்காத புத்தகத்துக்கே அவ்வளவு வக்காலத்து வாங்கினாரேப்பா, நான் ஆக்கிப் போடுற சாம்பாருக்கு வாங்கமாட்டாரா?'ங்கறா."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

டிரஸ்ஸர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது. என் மக படிக்கிறதோட சரி. சமையல் சுத்தமா வராது."

"பரவாயில்லைங்க," என்று நான் சொன்ன வேகத்தில் அவரே பின்வாங்கிவிட்டார்.

கல்யாணமாகி வந்த வருஷமே கட்டிலடி, அலமாரி, அரிசி டின் எல்லாவற்றையும் சரசு படித்துத் தீர்த்தாள். நான் எதையாவது கையில் எடுத்தால், "அவன் செத்துடுவான், வேற எடுங்க" என்பாள். ஆகையால் இன்றுவரை நான் ஒரு தொடர்கதையையும் முழுசாகப் படித்தது கிடையாது. எங்கள் வீட்டில் குழம்பு அடிப்பிடித்தாலும், பிள்ளைகள் கணக்கில் கோட்டை விட்டாலும், காலில் ஜோடி மாறிய செருப்பைப் போட்டுக்கொண்டு போனாலும், "அது ஒரு உத்தி" என்பதுதான் சமாதானம். பேத்திவரை அதைச் சொல்கிறார்கள்.

டிரஸ்ஸர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. இத்தனை வருஷத்தில் உப்பில்லாத சாம்பாருக்கும், புளியே போடாத சாம்பாருக்கும், ஒருமுறை பருப்பே போடாத சாம்பாருக்கும்கூட நான் வக்காலத்து வாங்கியிருக்கிறேன். போன வாரம் பேத்தியோடு சாப்பிட உட்கார்ந்தபோதும் அப்படித்தான். சரசு தட்டை வைத்தாள்.

"ஆகா, இன்னைக்கு சாம்பார் பிரமாதம்!" என்றேன்.

"இன்னும் ஊத்தவே இல்லை," என்றாள் சரசு.