பர்மிசன் அண்ணன் திறக்காத மெஸ்

தும்முவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரிடம் அனுமதி கேட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் தெருவில், மாவு மில்லுக்கு எதிர்வீட்டில் குடியிருந்தார். ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் கலங்க, "தும்மிக்கலாங்களா?" என்பார். நாம் தலையாட்டுவதற்குள் தும்மல் போய்விடும். அதற்கும் மன்னிப்புக் கேட்பார்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. ரேஷன் கடைக்காரரைத் தவிர யாருக்கும் அது தெரியாது. எங்களுக்கு அவர் பர்மிசன் அண்ணன். கோயமுத்தூர்க்காரர்களுக்கு மரியாதை ஜாஸ்தி என்று வெளியூரில் சொல்வார்கள். நாங்களே அவரைப் பார்த்து ஜாஸ்தி என்போம். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால், இறங்குவதற்குப் பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்பார். அவர் தூங்கினால் எழுப்பமாட்டார். சிங்காநல்லூரில் இறங்க வேண்டியவர் ஒருமுறை அப்படியே சூலூர் வரைக்கும் போய்வந்தார்.

கல்யாண மேடையில் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, "கட்டலாங்களா அம்மணி?" என்று பெண்ணைக் கேட்டாராம். கெட்டிமேளச் சத்தத்தில் பெண்ணுக்குக் காது கேட்கவில்லை. பதில் வரும்வரை தூக்கிய கையை இறக்காமல் நின்றாராம். இதை அவர் மனைவியான அந்த அம்மாதான் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த அம்மா காலமான பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. அண்ணன் ஸ்பின்னிங் மில் கேன்டீனில் சமையல்காரராக இருந்தவர். மில்லை எப்போதோ மூடிவிட்டார்கள். அவர் கைக்கு அது தெரியவில்லை. அரிசி அள்ளினால் ஒரு ஷிப்டுக்கே அள்ளும். தனி ஆளுக்கு ரசம் வைக்க ஆரம்பிப்பார், அண்டா நிறைந்துவிடும். மிஞ்சியதை வீடு வீடாகக் கொண்டுவந்து, "ஏனுங், கொஞ்சம் ரசம் குடுத்துக்கலாங்களா?" என்று வாசலில் நிற்பார். பிறகு நாங்களே பாத்திரத்தோடு போக ஆரம்பித்தோம்.

"ஒரு மெஸ் போட்ருங்ண்ணா" என்றார் மாவு மில் சுந்தரி அக்கா. "முன் ரூம்புல நாலு டேபிளப் போட்டு அடுப்பப் பத்த வெய்ங்க. கேள்வி கேக்கறவங்க வந்தா அப்பப் பாத்துக்கலாம்."

அண்ணன் முகம் சுருங்கிப்போனது. "கேக்காமப் போடற சோறு சாப்புடறவங்க தொண்டையில நிக்குமுங்க அம்மணி."

எங்கள் தெரு குடியிருப்புப் பகுதி. அங்கே ஓட்டல் வைக்க வேண்டுமானால், இடத்தை வணிக உபயோகத்துக்கு மாற்றித்தரச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். அப்படி ஒன்று உண்டு என்பதே அவர் விசாரித்துச் சொல்லித்தான் தெருவுக்குத் தெரிந்தது. அதே தெருவில் மாவு மில் ஓட்டுகிற சுந்தரி அக்கா, அதைக் கேட்ட நிமிஷமே பேச்சை மழைப் பக்கம் திருப்பிவிட்டார்.

நான்தான் இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த பெண் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, அனுப்பும் பட்டனை அமுக்கப் போனாள்.

"ஒரு வார்த்தை கேட்டுட்டு அமுக்கலாங்களா?"

"யாரைங்கய்யா?"

"அந்தப் பக்கம் இருக்கறவங்கள."

இடத்தைப் பார்க்க ஒரு அதிகாரி வந்தார். வந்தது சரியாக மதியச் சாப்பாட்டு நேரம். "எலை போட்டரலாங்களா?" என்றார் அண்ணன். "வேண்டாங்க" என்றார் அதிகாரி. அவருக்குச் சொந்த ஊர் காரமடைப் பக்கம். எங்கள் சீமையில் முதல் இரண்டு 'வேண்டாங்க' கணக்கில் வராது என்பது அவருக்கும் தெரியும். மூன்றாவதைச் சொல்லவில்லை, உட்கார்ந்துவிட்டார்.

ரசத்துக்கு வரும்போது சுந்தரி அக்கா வழக்கம்போலப் போசிப் பாத்திரத்தோடு உள்ளே வந்தார். பின்னாலேயே நான். எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு வீடு. "இங்க சாப்பாடு எப்படிங்க?" என்று அதிகாரி சாதாரணமாகத்தான் கேட்டார். அண்ணனுக்கு நல்லது செய்வதாக நினைத்து அக்கா அளந்துவிட்டார்: "தெருவே நித்தம் இங்கதானுங்க சாப்புடுது."

அதிகாரி கையைக் கழுவிக்கொண்டு வந்து வருத்தத்தோடு எழுதினார்: அனுமதியின்றி உணவகம் ஏற்கெனவே இயங்கிவருகிறது.

"காசே வாங்கறதில்லீங்களே" என்றேன்.

"இருக்கலாமுங்க. பாத்தா ஓட்டல் மாதிரித்தான இருக்குது? ரசம் அருமைங்க. ஆனா ரசத்தை ஃபைல்ல வெக்க முடியாதுங்களே." சமைத்துக் கொடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னார்.

வேறு யாராக இருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு ரசத்தை ஊற்றியிருப்பார்கள். அண்ணன் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டார். பழக்கத்தில் போசியோடு போன என்னை வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினார்: "உள்ள வந்தறாதீங்க தம்பி. நீங்க வந்தா ஓட்டல் ஆயிருமுங்க." தனக்கும் சமைக்கவில்லை. சமைத்தால் மிஞ்சுமே. மூன்று வேளையும் தெருமுக்குப் பேக்கரியில் டீயும் பன்னும்தான். "பன்னை டீயில நனைக்கறதுக்கு என்னையக் கேக்கறாருங்க" என்றார் பேக்கரிக்காரர். சிரித்தோம். சட்டை அவர் மேல் கொடியில் காய்கிற மாதிரித் தொங்கியதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

புது விண்ணப்பம் அனுப்பிய பிறகு தினமும் காலையில் என் வாசலுக்கு வருவார். "போன்ல பாத்துச் சொல்றீங்களா? தொந்தரவில்லீங்களே?"

"பரிசீலனையில இருக்குதுங்ண்ணா."

"பாவம், அவங்களுக்கு எத்தனை பேரோடதோ" என்று சொல்லிவிட்டுப் பேக்கரிக்கு நடப்பார்.

கடைசியில் சோமனூரிலிருந்து மகள் வந்தாள். "இப்படியே உட்டா எங்கப்பன் கரைஞ்சே போயிருவாரு" என்று பெட்டியைக் கட்டினாள். அண்ணன் சொன்ன ஒரே ஆட்சேபணை, "அங்க டம்ளர்லதானுங்க அரிசி அளப்பாங்க."

கிளம்புகிற அன்று வீடு வீடாக வந்தார். "போய்ட்டு வாரனுங்க. போலாங்களா?" இதே கேள்வியை அவர் கடைக்குப் போகும்போதெல்லாம் கேட்டிருக்கிறார். "இதுக்கெல்லாமா கேப்பீங்க, போங்ண்ணா" என்று நாங்களும் அலுத்துக்கொண்டு சொல்லியிருக்கிறோம். அன்று சுந்தரி அக்கா மில்லை நிறுத்திவிட்டு, மாவுக் கையோடு சும்மா நின்றார். பேக்கரிக்காரர் டீ ஆற்றுவதை விடவில்லை. நான் செருப்பைப் பார்த்தேன். யாரும் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் காருக்கு அருகில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "ஏறுங்கப்பா" என்று மகள் கையைப் பிடித்தாள். ஏறிவிட்டார். வாழ்க்கையில் அனுமதி இல்லாமல் அவர் செய்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அவருடைய விண்ணப்பத்தை இப்போதும் காலையில் போனில் பார்க்கிறேன். பரிசீலனையில்தான் இருக்கிறது. அவர் எங்களிடம் கடைசியாகக் கேட்டதும் அப்படித்தான் இருக்கிறது.